பால் கலப்படப் புகார்ச் சேவை: நெல்லைச் சீமையில் எவ்வளவு தூரம் நம்பலாம்?

பால் மேல் சந்தேகம் வந்தால் பால்காரரை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பதுதான் பாளையங்கோட்டை, மேலப்பாளையம், டவுன், பேட்டை என்று எல்லாப் பக்கமும் வழக்கம். நம் வீட்டில் நிறுத்திய பால் அடுத்த தெருவில் ஊற்றப்படுகிறது, அவ்வளவுதான். இதைக் கேட்பதற்கென்று ஓர் அரசுச் சேவை இருக்கிறது: உணவுப் பாதுகாப்புத் துறை. 1954-ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம்தான் இதற்கு அடிப்படை. 2011 ஆகஸ்ட் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் மதிப்பீடு எழுதுகிறோம். பிள்ளைகள் குடிக்கும் பாலைக் காக்க வேண்டிய சேவைக்கும் ஒன்று எழுத வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மாதிரி எடுக்கும் முறைக்கு 5-க்கு நாலரை. ஆய்வுக்கு நான்கு. வேகத்துக்கு இரண்டு. மாட்டுத்தீவனம் வழியாகப் பாலில் இறங்கும் நஞ்சைப் பிடிப்பதில் ஒன்றரைக்கு மேல் கொடுக்க முடியாது.

புகார் கொடுப்பது

வாட்ஸ்அப் எண் 94440 42322. இது மாநிலம் முழுவதற்கும் பொது. நேரில் போவதென்றால் மாவட்ட நியமன அலுவலர் (மாவட்டத்தில் இந்தத் துறையின் தலைமை அலுவலர்) அலுவலகம். தென்காசி 2019 நவம்பர் 22 முதல் தனி மாவட்டம். சங்கரன்கோவில், கடையநல்லூர், ஆலங்குளம் பக்கத்துக்காரர்கள் தென்காசி நியமன அலுவலரிடம் போக வேண்டும். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர், ராதாபுரம், மானூர் பகுதிகள் திருநெல்வேலியில்தான் இருக்கின்றன. மனுவை மாற்றிக் கொடுத்தால் அது ஊர் சுற்றி வருவதற்குள் பால் தீர்ந்துவிடும்.

"பால் சரியில்லை, நடவடிக்கை எடுங்க" என்று ஒரு வரி அனுப்பினால் அதை வைத்து எந்த அலுவலரும் எதுவும் செய்ய முடியாது. பாக்கெட் பால் என்றால் நாலு விவரம் வேண்டும்: தயாரிப்புத் தொகுதி எண், பயன்படுத்தக் கடைசித் தேதி, 14 இலக்க உரிம எண், வாங்கிய கடையும் நேரமும். உரிம எண்ணின் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம் பெற்ற நிறுவனம், 2 என்றால் பதிவு மட்டும் செய்த சிறு வியாபாரி. அதே தொகுதியில் பிரிக்காத பாக்கெட் இன்னொன்று வாங்கி ஃபிரிட்ஜில் வைத்திருப்பது நல்லது. வெட்டிய பாக்கெட்டில் மிச்சமிருக்கும் பால், கலந்தது கடையிலா வீட்டிலா என்ற கேள்வியிலேயே அடிபட்டுப் போகும்.

கேன் பால்தான் சிக்கல். விடியற்காலையில் கேன் வந்து இறங்கி, ஏழு மணிக்குள் டீக்கடைக்கும் வீடுகளுக்கும் ஊற்றி முடிந்துவிடும். பத்து மணிக்கு அலுவலர் வந்து நின்றால் கழுவிக் கவிழ்த்த கேன்தான் இருக்கும். ஆகவே கேன் பாலுக்குப் புகார் எழுதும்போது பாலின் நிறத்தையும் ருசியையும் பற்றி எழுதுவதை விட, வண்டி எத்தனை மணிக்கு எந்த முக்கில் நிற்கிறது, எத்தனை கேன், எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று எழுதுவது பத்து மடங்கு பயன் தரும். முந்தின நாள் மாலையே அனுப்ப வேண்டும்.

மாதிரி எடுக்கும் அரை மணி நேரம்

இந்தச் சேவையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சட்டம் மிகக் கவனமாக வகுத்திருக்கிற பகுதியும் இதுவே.

அலுவலர் பாலைப் பறிமுதல் செய்துகொண்டு போவதில்லை, காசு கொடுத்து வாங்குகிறார். ஒரு பகுதிக்கு 500 மில்லி வீதம் நாலு பகுதி, ஆக இரண்டு லிட்டர். வாங்குமுன் கேனைக் கலக்கியாக வேண்டும். நின்ற பாலில் கொழுப்பு மேலே ஏறிவிடும். கலக்காமல் மேலாக மொண்டால் ஆடைப் பால் வரும், அடியில் குழாயைத் திறந்தால் வெறும் பால் வரும். இரண்டுமே தப்பான முடிவைத் தரும், வழக்கும் அந்த இடத்திலேயே உடையும். மொண்ட பால் உலர்ந்த, சுத்தமான நாலு பாட்டிலில் இறங்குகிறது. கழுவிய ஈரத்தோடு ஒரு பாட்டில் இருந்தால் போதும், "தண்ணீர் உங்க பாட்டிலில் இருந்தது" என்று வியாபாரி சொல்லலாம், அதற்குப் பதில் கிடையாது.

பிறகு ஃபார்மலின், பால் கெடாமல் இருக்கப் போடும் ரசாயனம். 25 மில்லிக்கு இரண்டு சொட்டு, அதாவது 0.1 மில்லி என்பது விதி. 500 மில்லிக்கு 2 மில்லி. நம் ஊர் வெயிலில் இது போடாமல் விட்டால் ஆய்வுக்கூட மேசைக்குப் போவதற்குள் பால் திரிந்துவிடும். போட்டதும் பாட்டிலைக் குலுக்கி, தாளில் சுற்றி, நியமன அலுவலரின் குறியீடும் வரிசை எண்ணும் கொண்ட சீட்டை அடியிலிருந்து தலை வரை சுற்றி ஒட்டி, வியாபாரியிடம் கையெழுத்து வாங்குகிறார்கள். கையெழுத்தின் பாதி சீட்டிலும் பாதி சுற்றுத்தாளிலும் விழ வேண்டும். சீட்டைக் கிழிக்காமல் உள்ளே கை வைக்க முடியாது என்பதற்காக இந்த ஏற்பாடு. மேலே நூல் கட்டி அரக்கு முத்திரை: தலையில் ஒன்று, அடியில் ஒன்று, உடம்பில் இரண்டு.

ஒரு பாட்டில் அரசு ஆய்வுக்கூடத்தின் உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு நியமன அலுவலர் பொறுப்பில். நாலாவது, வியாபாரி கேட்டுக்கொண்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வுக்கூடத்துக்குப் போகும். நேர்மையான வியாபாரிக்கும் இது நல்ல பாதுகாப்பு. மாதிரி எடுப்பதை வியாபாரிக்கு அறிவிக்கும் 5ஏ படிவத்தில் கையெழுத்துக் கேட்டதும் பயந்து மறுக்கிற சிறு பால்காரர்கள், இந்த நாலாவது பாட்டிலைக் கேட்கும் உரிமை தங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று கவனிக்க வேண்டும். எல்லா மாதிரியும் வழக்குக்கான மாதிரி இல்லை. கண்காணிப்பு மாதிரி என்று ஒன்று உண்டு. நிலவரம் அறிய எடுப்பது, அதை வைத்து அபராதம் போட முடியாது. "எங்க தெருவில் வந்து எடுத்துட்டுப் போனாங்க, ஒண்ணும் நடக்கலை" என்ற பேச்சுக்குப் பாதிக் காரணம் இந்த வித்தியாசம் தெரியாததுதான். நாலு பாட்டில், முத்திரை, 5ஏ இருந்தால் அது சட்டபூர்வ மாதிரி. புகார்தாரர் கேட்க வேண்டிய முதல் கேள்வியே "எந்த மாதிரி எடுத்தீங்க?" என்பதுதான்.

ஆய்வு

இந்த விஷயத்தில் நெல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி. மாநிலத்தில் சென்னை, கோவை, மதுரை, சேலம், தஞ்சாவூர் ஆகிய ஊர்களோடு பாளையங்கோட்டையிலும் அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. முத்திரை வைத்த பால் வெகுதூரம் பயணம் போக வேண்டியதில்லை. பகுப்பாய்வாளர் 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது சட்டம்.

ஆய்வில் முதலில் பார்ப்பது கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும், சொசைட்டியில் எஸ்.என்.எஃப். என்பார்களே, அதுதான். பசும்பாலுக்குக் குறைந்தது 3.2 சதவீதம் கொழுப்பும் 8.3 சதவீதம் திடப்பொருளும் வேண்டும். சமன்படுத்திய பாலுக்கு 3.0, 8.5. நிலைப்படுத்தியதற்கு 4.5, 8.5. நிறைகொழுப்புக்கு 6.0, 9.0. பாக்கெட்டின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள் அதில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த எண்ணையும் ஒருமுறை பார்க்கலாம்.

டீக்கடைக்காரர் பாலின் அடர்த்தியை அளக்கும் பால்மானியை மட்டும் நம்புவதில் என்ன ஆபத்து என்பது கணக்குப் போட்டால் விளங்கும். பால்மானி அளவை நாலால் வகுத்து, கொழுப்பின் கால் பங்கைக் கூட்டி, 0.44 சேர்த்தால் திடப்பொருள் வரும் (கடைசி எண் இடத்துக்கு இடம் சற்று மாறும்). அளவு 28, கொழுப்பு 3.5 என்றால் 8.3, தரம் தேறிவிடும். அதே பாலில் பத்தில் ஒரு பங்கு தண்ணீராக இருந்தால் அளவு 25-க்கும் கொழுப்பு 3.15-க்கும் இறங்கி, திடப்பொருள் ஏழரைக்கு வந்துவிடும். மாட்டிக்கொள்வார்கள். அதனால் விவரம் தெரிந்தவர் முதலில் ஆடையை எடுக்கிறார். கொழுப்பு போனால் பால் கனத்துப் பால்மானி ஏறும். ஏறிய அளவுக்குத் தண்ணீர் விட்டால் மறுபடி 28-இல் வந்து நிற்கும். பால்மானி பார்த்தவர் "நல்ல பால்" என்று வாங்கிக்கொள்வார். கொழுப்பையும் சேர்த்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும். சர்க்கரை, உப்பு, யூரியா சேர்ப்பதும் இதே கணக்குக்குத்தான்: தண்ணீர் இறக்கியதைத் திரும்ப ஏற்ற.

இன்னொரு வகை, கெடாமல் இருக்கப் போடுவது. கறந்த பால் சீக்கிரம் 4 டிகிரிக்குக் குளிர்விக்கப்படாவிட்டால் சித்திரை வெயிலில் புளிக்கத் தொடங்கும். காய்ச்சினால் திரியும். அதை மறைக்கச் சோடா உப்போ சலவைச் சோடாவோ போடுகிறார்கள். புளிப்பு அடங்கும், கிருமி அப்படியே இருக்கும். காய்ச்சித் திரிந்த பாலைக் கலப்படப் பால் என்று சண்டைக்குப் போகிறோம். அது பெரும்பாலும் குளிர்விக்காத பால் மட்டுமே. வெளியே வைத்து ஒரு பகல் முழுக்கப் புளிக்காமல் நிற்கிற கறந்த பால்தான் கவலைப்பட வேண்டிய பால். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஃபார்மலின் இரண்டில் ஒன்று இருக்கலாம்.

இந்தச் சேவையின் உள்ளிருக்கும் ஒரு முரணையும் இங்கே சொல்ல வேண்டும். வழக்குக்கு எடுத்த பாலில் அலுவலரே ஃபார்மலின் போட்டுவிடுவதால் கிருமிகளின் எண்ணிக்கையை அந்தப் பாட்டிலில் பார்க்க முடியாது. அதற்கு ஃபார்மலின் இல்லாத தனி மாதிரி, சுத்தப்படுத்திய குப்பியில், பனிக்கட்டியோடு போக வேண்டும். பால் குடித்து வீட்டில் எல்லாருக்கும் வயிற்றுப்போக்கு என்று புகார் கொடுக்கிறவர்கள், "கிருமி ஆய்வுக்குத் தனி மாதிரி எடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அறிக்கைக்குப் பிறகு

தண்ணீர் கலந்து தரம் குறைந்த பால் என்றால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகாது. மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். லேபிளில் பொய் இருந்தால் 3 லட்சம் வரை. முதல் விசாரணை நாளிலிருந்து 90 நாளுக்குள் உத்தரவு வர வேண்டும். யூரியா, சலவைத்தூள், பெராக்சைடு மாதிரி உடம்புக்குக் கேடானது இருந்து "பாதுகாப்பற்றது" என்று அறிக்கை வந்தால் குற்றவியல் வழக்கு, சிறை. அந்தப் பாலால் உயிர் போயிருந்தால் ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறையும் 10 லட்சத்துக்குக் குறையாத அபராதமும்.

வியாபாரி 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்தால், நியமன அலுவலரிடம் இருக்கும் பாட்டில்களில் ஒன்று மேலாய்வுக் கூடத்துக்குப் போகும். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் அப்படிப்பட்ட ஒன்று. அந்த ஆய்வின் முடிவே இறுதி.

வேகத்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டதன் காரணம் இதில் தெரியும். பாக்கெட் பால் இரண்டு நாள் தாங்கும். அறிக்கைக்கு 14 நாள். அறிக்கை வரும்போது அந்தத் தொகுதிப் பால் முழுவதும் காபியாகவும் தயிராகவும் மாறி வயிற்றுக்குள் போயிருக்கும். தண்டனை கிடைக்கிறது, தடுப்பு கிடைப்பதில்லை. நடமாடும் ஆய்வு வாகனம் இந்த இடைவெளியை ஓரளவு அடைக்கிறது. சலவைத்தூள், மாவு, யூரியா, சோடா எல்லாவற்றையும் நின்ற இடத்திலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். அந்த முடிவை வைத்து வழக்குப் போட முடியாது என்றாலும், எந்தக் கேனில் சட்டபூர்வ மாதிரி எடுப்பது என்று அங்கேயே தெரிந்துவிடும். வாகனம் பள்ளிக்கூடங்களுக்கும் சந்தைகளுக்கும் விழிப்புணர்வுக்காகப் போவது நல்லதுதான். அதே வாகனம் விடிகாலை ஐந்து மணிக்குப் பால் வண்டி வரும் சாலையில் நின்றால் இரட்டிப்புப் பலன்.

நாமே ஆய்வுக்குக் கொடுப்பது

சட்டத்தின் 40-ஆவது பிரிவு பொதுமக்கள் யாரும் கட்டணம் கட்டி, வாங்கிய பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் கொடுக்கலாம் என்கிறது. 14 நாளில் அறிக்கை வரும். தப்பு என்று வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும், அறிக்கை நியமன அலுவலருக்கும் போகும். நல்ல ஏற்பாடு, பயன்படுத்துகிறவர் குறைவு. பலர் தவறவிடும் நிபந்தனை ஒன்று: வாங்கும்போதே கடைக்காரரிடம் "இதை ஆய்வுக்குக் கொடுக்கப்போறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வாங்கிப்போய் நீட்டினால் இந்தப் பிரிவில் நிற்காது.

அடுப்படிச் சோதனைகளில் இரண்டு பயனுள்ளவை. மாவுக்கு: 3 மில்லி பாலில் 5 மில்லி தண்ணீர் விட்டுக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்து, டிங்க்சர் அயோடின் இரண்டு மூன்று சொட்டு. நீலம் வந்தால் மாவு. சூட்டோடு விட்டால் இருக்கும் மாவும் நிறம் காட்டாது. யூரியாவுக்கு: ஒரு டீஸ்பூன் பாலில் அரை டீஸ்பூன் துவரம்பருப்புப் பொடி போட்டுக் குலுக்கி, ஐந்து நிமிஷம் விட்டுச் சிவப்பு லிட்மஸ் தாளை அரை நிமிஷம் நனைக்க வேண்டும். நீலமானால் சந்தேகம். பருப்பில் இருக்கும் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது, அதுதான் தாளை நீலமாக்குகிறது. வறுத்த பருப்பில் அந்த நொதி செத்துப்போயிருக்கும், பச்சைப் பருப்புதான் வேண்டும். பாலில் இயல்பாகவே 100 மில்லிக்கு 70 மில்லிகிராம் வரை யூரியா இருக்கலாம் என்பதால் இதைப் புகார் கொடுக்கக் காரணமாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கந்தக அமிலம் ஊற்றி ஃபார்மலின் பார்க்கும் சோதனையை வீட்டில் யாரும் தொட வேண்டாம்.

நெய்

அல்வா ஊரில் நெய்யைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கோதுமைப் பால், சர்க்கரை, நெய் மூன்றுதான் அல்வா. நெய் பொய்யானால் மூன்றில் ஒன்று பொய்.

நெய்யில் சர்க்கரையும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்துக் குலுக்கிச் சிவப்பு வந்தால் வனஸ்பதி என்ற சோதனை இன்னும் எல்லா இடத்திலும் பரவுகிறது. அது பிடிப்பது நல்லெண்ணெயை. அந்தக் காலத்தில் வனஸ்பதியில் அடையாளத்துக்காக நல்லெண்ணெய் சேர்க்கச் சொல்லிச் சட்டம் இருந்தது, அதனால் சிவந்தது. வெறும் பாமாயில் கொழுப்பைக் கலந்தால் அந்தச் சோதனை வாயே திறக்காது. மணல் மணலாக உறைந்தால் சுத்த நெய் என்பதும் அப்படித்தான். பாமாயில் கொழுப்பையும் மணல் பதத்தில் உறைய வைக்க முடியும்.

ஆய்வுக்கூடம் வேறு வழியில் போகிறது. பால் கொழுப்பில் மட்டும் நிறைய இருக்கும் குறுகிய கொழுப்பு அமிலங்களை ரைக்கர்ட்-மைசல் எண்ணாக அளக்கிறது. தாவரக் கொழுப்பு ஏற ஏற அந்த எண் இறங்கும். தாவர எண்ணெயில் மட்டும் உள்ள பீட்டா-சிட்டோஸ்டெரால் தென்பட்டால் அதற்கு மேல் பேச்சே இல்லை. ஈரப்பதம் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நெய் கெடாத பொருள், 14 நாள் தாமதத்தால் நஷ்டமில்லை. இந்தச் சேவை முழு வலுவோடு வேலை செய்வது நெய்யில்தான். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே, டின் இறங்கும் நேரத்தில் புகார் போனால் பலகாரம் ஆவதற்கு முன் பிடிக்கலாம். பன்னீரும் இதில் சேர்த்தி: ஈரம் 60 சதவீதத்துக்குள், உலர்ந்த எடையில் பால் கொழுப்பு 50 சதவீதத்துக்குக் குறையாமல் வேண்டும். மலிவுப் பன்னீரில் பாமாயில் இருக்கிறதா என்பதையும் அதே கூடத்தில் தெரிந்துகொள்ளலாம்.

தீவனம் வழியாக வருவது

2018-இல் தேசிய அளவில் 6,432 பால் மாதிரிகளை எடுத்து ஆய்வு செய்தார்கள். யூரியா, சலவைத்தூள், பெராக்சைடு, சோடா என்று கலப்படம் சிக்கியது 12 மாதிரியில் மட்டும். தீவனத்துப் பூசணத்திலிருந்து பாலில் இறங்கும் நஞ்சான அஃப்ளாடாக்சின் எம்1 அளவு மீறி இருந்தது 368 மாதிரியில். தமிழ்நாட்டில் எடுத்த 551-இல் 88. எண்ணிக்கையில் மாநிலங்களில் அதிகம் நம்முடையதுதான்.

இதை யாரும் பாலில் கலக்கவில்லை. பூசணம் பிடித்த கடலைப்புண்ணாக்கு, பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு, மழையில் நனைந்த வைக்கோல் இவற்றை மாடு தின்றால் ஒரே நாளில் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் போகாது. நாவுக்கும் பால்மானிக்கும் தெரியாது. கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம் என்ற வரம்பை அளக்க ஆய்வுக்கூடத்துக் கருவிதான் வேண்டும். இதற்குக் கேனை மடக்கிப் பால்காரர் மேல் அபராதம் போடுவதால் என்ன பயன்? அவருக்கே தெரியாது. மாதிரி எடுக்க வேண்டிய இடம் புண்ணாக்குக் கடையும் பால் சொசைட்டியின் தீவனக் கிட்டங்கியும். உணவுப் பாதுகாப்புத் துறையும் கால்நடைப் பராமரிப்புத் துறையும் சேர்ந்து போனால்தான் இது நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்குமுன் போவது உத்தமம்.

மாடு வளர்ப்பவர் கையில் இருப்பதும் உண்டு. புண்ணாக்கு மூட்டையைச் சிமெண்டுத் தரையில் சுவரை ஒட்டிப் போடாமல், மரப்பலகை மேல் சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி அடுக்க வேண்டும். கட்டி பிடித்ததை, பச்சையும் கறுப்புமாகப் பொடி பூத்ததை, உதறிவிட்டு மீதியைப் போடலாம் என்று நினைக்காமல் மூட்டையோடு ஒதுக்க வேண்டும். கெட்ட தீவனத்தை நிறுத்திய சில நாளில் பால் சுத்தமாகிவிடும்.